ட்ராக்குக்கு எந்த டயர், எத்தனை இன்ச்?

வருடத்தில் எப்போதாவது சில நாள் ட்ராக்குக்கு, அதாவது கார் பந்தயத் தடத்துக்குப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அரை நொடி லேப் டைமுக்காக (ஒரு சுற்றை முடிக்கிற நேரம்) தூக்கத்தைத் தொலைக்கிறவர்கள், காரை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு வருகிறவர்கள், இவர்களுக்கெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியது எதுவும் இல்லை.

தினமும் ஓட்டுகிற காரையே கொண்டுபோய், நாள் முழுக்க விரட்டிவிட்டு, அதிலேயே வீடு திரும்புகிற நம் மாதிரி ஆட்களிடம் டயர் பேச்சை எடுத்துப் பாருங்கள். முதலில் ரிம் டிசைன் வரும். அப்புறம் எத்தனை இன்ச். அப்புறம் எவ்வளவு அகலம். எந்த டயர் என்பது கடைசியில்தான். என் வரிசை இதற்கு நேர் தலைகீழ். இந்த டயரிலேயே வீடு திரும்பப் போகிறேனா, இல்லை ட்ராக்குக்கென்று தனி செட் கொண்டுபோகப் போகிறேனா? முதல் கேள்வி இதுதான். இதற்கு விடை கிடைத்தால் டயரின் வகை முடிவாகிவிடும். வகை முடிவானால் அது என்னென்ன சைஸில் வருகிறது என்று பார்க்கலாம். ரிம் அதற்குப் பிறகு.

என் கார் டொயோட்டா ஜிஆர் 86. கம்பெனியிலிருந்து வந்தபோது 18 இன்ச் வீலில் 215/40 ஆர்18, மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4. நல்ல டயர், குறை சொல்ல ஒன்றுமில்லை. இப்போது ட்ராக்குக்கு 17 இன்ச் வீலில் 225/45 ஆர்17 போட்டிருக்கிறேன். ஏன் சின்னதாக்கினாய் என்று கேட்காத ஆளே இல்லை. ட்ராக்கில் கார்களை நிறுத்துகிற பிட்டில் என் பக்கத்தில் நிறுத்துகிற தம்பி ஒருவன் போன முறைகூடக் கேட்டான்.

"அண்ணே, 19 போட்டா செம லுக்கா இருக்குமே?"

"லுக்காத்தான் இருக்கும்டா. கர்ப்ல ஏறினா ரிம் வளையறதும் லுக்காத்தான் இருக்கும்."

கர்ப் என்பது ட்ராக் வளைவின் ஓரத்தில் இருக்கிற மேடு. அவன் சிரித்துவிட்டு, "ஃபார்முலா ஒன்னே 18-க்குப் போயிடுச்சே" என்றான். இந்த வாதத்தை நிறையப் பேர் வைக்கிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஃபார்முலா ஒன்னில் 2021 வரை 13 இன்ச் வீல். 2022-இல் 18 இன்ச்சுக்கு மாறினார்கள். சரி. ஆனால் அப்போது வந்த டயரின் மொத்த விட்டம் 720 மி.மீ. அதில் 18 இன்ச்சை, அதாவது 457 மி.மீ-யைக் கழித்துப் பாதியாக்கினால் பக்கச்சுவர் 131 மி.மீ. என் காரின் 215/40-இல் பக்கச்சுவர் 86 மி.மீ தான். ஃபார்முலா ஒன்னைப் பார்த்துப் பெரிய ரிம் போட வேண்டும் என்றால் டயரையும் அதே மாதிரி உயரமாகப் போட வேண்டும், அது நம் ஃபெண்டருக்குள் நுழையாது. இன்ச்சை மட்டும் தனியாக எடுத்துப் பேசுவதில் அர்த்தமே இல்லை. வீல் வளைவுக்குள் எவ்வளவு பெரிய வட்டம் அடங்குமோ அது முதலிலேயே முடிவான விஷயம். அந்த வட்டத்தில் எவ்வளவு அலுமினியம், எவ்வளவு ரப்பர் என்று பங்கு பிரிப்பதுதான் நம் கையில் இருக்கிறது.

கணக்கு எளிது. 225/45 ஆர்17 என்றால் அகலம் 225 மி.மீ, அதில் 45 சதவீதம் பக்கச்சுவர், அதாவது 101 மி.மீ. இரண்டு பக்கமும் சேர்த்து ரிம்மின் 431.8 மி.மீ-யோடு கூட்டினால் விட்டம் 634 மி.மீ. பழைய 215/40 ஆர்18-இன் விட்டம் 629 மி.மீ. வித்தியாசம் ஐந்து மில்லிமீட்டர், ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஸ்பீடோமீட்டரும் கியரும் அதைக் கண்டுகொள்ளாது. ஆனால் பக்கச்சுவரில் 15 மி.மீ கூடுதலாகக் கிடைத்துவிட்டது. கர்பில் ஏறும்போது ரிம்முக்கு அடி விழாமல் தாங்குவது அந்த 15 மி.மீ தான்.

இதில் இழப்பு இல்லையா? இருக்கிறது. ஸ்டீரிங்கைத் திருப்பியதும் கார் திரும்புகிற அந்தச் சுறுசுறுப்பு ஒரு இழை குறையும். 18-இல் பட்டென்று திரும்பும், 17-இல் ஒரு மூச்சு விட்டுத் திரும்பும். எனக்கு அந்த ஒரு மூச்சு பிடித்திருக்கிறது. பிடிப்பு முடியப் போகிற இடத்தில் உயரமான பக்கச்சுவர் மெதுவாகச் சாய்ந்து முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. தினமும் ட்ராக்கில் கிடக்காத ஆளுக்கு அந்த முன்னறிவிப்பு ரொம்ப முக்கியம். எடையும் குறைகிறது. அதே தயாரிப்பு முறையில் செய்த 17 பொதுவாக 18-ஐவிட லேசு. சுழல்கிற எடை, சஸ்பென்ஷனுக்குக் கீழே தொங்குகிற எடை இரண்டும் ஒரே சமயத்தில் குறைவது ஆக்சிலரேட்டரிலும் தெரியும், பிரேக்கிலும் தெரியும். 17 இன்ச் டயரின் விலையும் பொதுவாகக் குறைவு. ட்ராக்கில் டயர் தேயும் வேகத்தைப் பார்த்தவர்கள் இதைச் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டார்கள்.

அதனால் என் விதி ஒன்றுதான்: பிரேக்குக்கு இடம் விடுகிற மிகச் சின்ன வீலைப் போடு. 86-இல் இது சுலபம், ஏனென்றால் கீழ் வேரியண்ட் 17 இன்ச்சிலேயே வருகிறது. வேறு கார் என்றால் அதே பிரேக்கோடு கம்பெனி கொடுத்த மிகச் சின்ன வீல் எது என்று பாருங்கள். பெரிய பிரேக் கிட் போட்டிருந்தால் நிலைமை மாறும். அப்போது விட்டத்தை மட்டும் பார்த்தால் போதாது, ஸ்போக் எப்படி வளைகிறது என்பதும் முக்கியம். ஒரு 17 இன்ச் வீல் கேலிப்பரை (பிரேக் டிஸ்க்கைப் பிடிக்கிற பாகம்) தொடாமல் சுற்றும், இன்னொரு 17 இன்ச் வீல் ஸ்போக்கில் உரசும். பிரேக் கிட் தயாரிப்பாளர்கள் இதற்கென்றே முழு அளவில் அச்செடுக்கும் வரைபடம் கொடுக்கிறார்கள். அதை அட்டையில் ஒட்டி வெட்டி வீலுக்குள் வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும்.

அடுத்து ரிம்மின் அகலம். 225/45 ஆர்17 டயருக்கு 7 முதல் 8.5 இன்ச் வரை அகலமுள்ள ரிம் சரி. நான் 8 எடுத்தேன். ரிம் குறுகலாக இருந்தால் டயரின் பக்கம் வெளியே பிதுங்கும், வளைவில் ட்ரெட் (தரையைத் தொடுகிற பகுதி) பக்கவாட்டில் புரளும். குறுகலான ரிம்மில் 245-ஐத் திணிப்பதைவிட, சரியான அகல ரிம்மில் 225 பல நேரம் நன்றாக வேலை செய்யும். அகல டயர் வாங்கப் பணம் இருந்தால், முதலில் அந்தப் பணத்தை அகல ரிம்மில் போடுங்கள்.

ஆஃப்செட் கணக்கைப் பலரும் பயந்து அடுத்தவர் சொல்வதை அப்படியே வாங்கிவிடுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. ஆஃப்செட் என்பது வீலின் நடுக்கோட்டிலிருந்து அது காரில் பொருந்துகிற முகம் எத்தனை மி.மீ தள்ளியிருக்கிறது என்பதுதான். என் பழைய வீல் 7.5 இன்ச், ஆஃப்செட் 48. புதியது 8 இன்ச், ஆஃப்செட் 45. அரை இன்ச் கூடுதல் என்றால் 12.7 மி.மீ. அது உள்ளே பாதி, வெளியே பாதி போகும், பக்கத்துக்கு 6.35. ஆஃப்செட் மூன்று குறைந்ததால் வீல் முழுவதும் 3 மி.மீ வெளியே நகர்கிறது. ஆக வெளிப்பக்கம் 9.35 மி.மீ கூடுதலாக நீட்டும், உள்பக்கம் 3.35 மி.மீ சஸ்பென்ஷனை நெருங்கும். இந்த இரண்டு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு காருக்கு அடியில் குனிந்து பார்த்தால் போதும், யாரையும் கேட்க வேண்டாம். மற்றபடி போல்ட் எண்ணிக்கையும், போல்ட்கள் அமைந்த வட்டத்தின் விட்டமான பிசிடியும் (86-க்கு 5, 100 மி.மீ), நடு ஓட்டை அளவும் (56.1 மி.மீ) சரியாக இருக்க வேண்டும். நடு ஓட்டை பெரிதாக இருந்தால் வளையம் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நேர்ச்சாலையில் ஸ்டீரிங் நடுங்கலாம். வீலின் உள்பக்கத்தில் ஜேடபிள்யூஎல், விஐஏ போன்ற ஜப்பானியச் சோதனை முத்திரைகள் இருக்கிறதா என்று பாருங்கள். பிரபலமான டிசைனை அப்படியே நகலெடுத்த பெயர் தெரியாத வீலை நான் ட்ராக்குக்குக் கொண்டுபோக மாட்டேன்.

இனி டயர். இங்கேதான் உண்மையான முடிவு இருக்கிறது.

டயரின் பக்கத்தில் "ட்ரெட்வேர்" என்று ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள். அது அமெரிக்க அரசின் தர முறை. டெக்சஸில் சான் ஏஞ்சலோ பக்கத்தில் பொதுச்சாலையில் 7,200 மைல் ஓட்டி, ஓர் ஒப்பீட்டு டயரை 100 என்று வைத்துக்கொண்டு, அதோடு பார்க்க எவ்வளவு தேய்கிறது என்று கணக்கிடுவார்கள். 300 என்றால் மூன்று மடங்கு தாங்கும் என்று பொருள். ஆனால் எண்ணைத் தருவது தயாரிப்பாளரேதான். அதனால் ஒரு கம்பெனியின் 200-ஐயும் இன்னொரு கம்பெனியின் 200-ஐயும் ஒன்றாக நினைக்கக் கூடாது. பல போட்டிகளில் 200-க்குக் கீழே இருக்கிற டயருக்கு அனுமதி இல்லை. கம்பெனிகளும் விடுவார்களா, 200 என்று அச்சடித்த மிருதுவான டயர்களைப் போட்டி போட்டுக்கொண்டு இறக்கிவிட்டார்கள். யோகோஹாமா ஏ052-உம் 200 தான், ஹான்குக் வென்டஸ் ஆர்எஸ்4-உம் 200 தான். முன்னது சட்டென்று சூடாகி, முதல் ஓரிரு லேப்பிலேயே தன் முழுப் பிடிப்பையும் கொட்டிக் கொடுக்கும், அப்புறம் சூடு மிஞ்சினால் களைத்துப் போகும், வேகமாகவும் தேயும். பின்னது சூடாக நேரம் எடுக்கும், ஆனால் இருபது நிமிடம் விடாமல் விரட்டினாலும் ஏறக்குறைய அதே மாதிரி நிற்கும்.

என் கணக்கில் நமக்கு மூன்று வகை போதும். 300 பக்கத்தில் இருக்கிற, மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் மாதிரியான நல்ல சாலை டயர். 200 வகை. அப்புறம் டோயோ ஆர்888ஆர் மாதிரி 100-இலும் அதற்குக் கீழேயும் இருக்கிற செமி ஸ்லிக், அதாவது காடி மிகக் குறைந்த ட்ராக் டயர்.

செமி ஸ்லிக்கைப் பற்றி ரொம்பப் பேச வேண்டியதில்லை. தனி செட் வீலும், அதைக் கொண்டுபோக இடமும், மழை வந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்காரும் மனமும் இருந்தால் போடலாம். அதில் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வரும்போது மழை பிடித்தால் தண்ணீரை ஒதுக்கக் காடி போதாது. அதோடு பிடிப்பு கூடக் கூட வீல் பேரிங்கும் பிரேக்கும் படுகிற பாடும் கூடும். நீண்ட வளைவில் இன்ஜின் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்குகிற கவலையும் சேரும். டயரில் ஆரம்பிக்கிற செலவு டயரோடு நிற்பதில்லை.

முதல் முறை போகிறவர்களுக்கு என் யோசனை: புதிதாக எதுவும் வாங்காதீர்கள். காரில் இருக்கிற சாலை டயர் நல்ல நிலையில் இருந்தால் அதிலேயே போங்கள். அது கத்தும். கத்தட்டும், கத்துவதைக் கேட்கத்தான் போகிறீர்கள். மெல்லிய முனகலாக ஆரம்பிக்கும், ஸ்டீரிங்கை இன்னும் கொஞ்சம் திருப்பினால் அது சீரான கீச்சுச் சத்தமாகும், அந்த இடத்தில் பிடிப்பு உச்சத்தில் இருக்கும். அதற்கு மேல் திருப்பினால் சத்தம் கரகரத்துக் கனக்கும், கார் திரும்பாது, முன் டயர் தரையை வெறுமனே அரைத்துக்கொண்டிருக்கும். இந்த மூன்று சத்தத்தையும் காது பிரித்துக் கேட்கப் பழகிய பிறகு 200-க்குப் போங்கள். 200 வகை டயர் இவ்வளவு வாய் பேசாது. அது அமைதியாகப் பிடித்திருந்துவிட்டு, சாலை டயரைவிட அதிக வேகத்தில் கையை விடும்.

சாலை டயரில் இன்னொன்று. புத்தம் புது டயரைவிடப் பாதி தேய்ந்தது காய்ந்த ட்ராக்கில் நன்றாக இருக்கும். எட்டு மி.மீ உயர ரப்பர் கட்டைகள் வளைவில் நெளியும், நெளிந்தே சூடாகும், ஓரத்தில் துண்டு துண்டாகப் பிய்ந்தும் வரும். நாலு மி.மீ-க்கு இறங்கியபின் அந்த நெளிவு குறைந்துவிடும். மழைக்கு இது நேர் எதிர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நான் இப்போது ஓட்டுவது ஆர்எஸ்4. ஒரு லேப்பில் எவ்வளவு வேகம் என்பது எனக்கு இரண்டாம் பட்சம். காலையில் போட்ட டயர் மாலையில் கடைசி செஷனிலும் (ட்ராக்கில் ஒரு தடவை ஓட்டக் கொடுக்கிற நேரம்) அதே மாதிரி நடந்துகொள்ள வேண்டும், அதுதான் எனக்குத் தேவை. தேங்கிய தண்ணீரில் அது சாலை டயருக்கு ஈடாகாது, அதனால் வீடு திரும்பும்போது மழை என்றால் வேகத் தடத்தை வேகக்காரர்களுக்கு விட்டுவிட்டு நிதானமாக வருகிறேன்.

காற்று அழுத்தம். டயரில் செலவழிக்கிற பணத்தில் பாதியை இந்த ஒரு விஷயத்தில் வீணடிக்கலாம், அல்லது காப்பாற்றலாம். டயருக்குள் இருக்கிற காற்று 5, 6 டிகிரி செல்சியஸ் சூடேறினால் அழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ ஏறும். ட்ராக்கில் 40, 50 டிகிரி ஏறுவது சாதாரணம். கதவில் ஒட்டியிருக்கிற அளவை வைத்துக் கிளம்பினால் மூன்றாவது லேப்பில் டயர் உப்பி, நடுப்பகுதி மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டு, கார் வழுக்க ஆரம்பிக்கும். நான் காலையில் 28-இல் வைத்துக் கிளம்புவேன். செஷன் முடிந்து பிட்டுக்குள் நுழைந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்னாலேயே அழுத்தம் பார்க்கிற கேஜ். என் இலக்கு சூட்டில் 34, 35. அதைத் தாண்டியிருந்தால் இறக்குவேன். வெயில் ஏற ஏற மறுபடியும் பார்க்க வேண்டும். சூட்டில் இறக்கிய காற்று ஆறியதும் ரொம்பக் கீழே போய்விடும் என்பதால், வீட்டுக்குக் கிளம்பும் முன் ஏற்றிக்கொள்வதற்கு ஒரு சின்ன பம்ப் டிக்கியில் இருக்கும். இந்த எண்கள் என் காருக்கும் என் டயருக்கும். கனமான காருக்கு வேறு எண் வரும். டயர் கம்பெனி ட்ராக்குக்கென்று பரிந்துரை ஏதாவது கொடுத்திருந்தால் அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

கேஜ் சொல்வது சரிதானா என்று டயரையே கேட்கலாம். பல டயர்களில் ட்ரெட்டும் பக்கச்சுவரும் சேரும் ஓரத்தில் குட்டி முக்கோணம் ஒன்று இருக்கும். செஷனுக்கு முன் அந்த இடத்தில் ஷூவுக்குப் போடும் வெள்ளை பாலிஷை மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்துவிடுங்கள். திரும்பி வந்ததும் எதுவரை அழிந்திருக்கிறது என்று பாருங்கள். முக்கோணத்தின் நுனிவரை அழிந்திருந்தால் சரி. அதையும் தாண்டி எழுத்துகள் வரை தேய்ந்திருந்தால் டயர் மடிந்து பக்கச்சுவரில் ஓடியிருக்கிறது, அழுத்தம் போதவில்லை. நுனியை எட்டவே இல்லையென்றால் அழுத்தம் அதிகம். கையால் தடவியும் பார்ப்பேன். நன்றாக வேலை செய்த ட்ரெட் மேல் மெல்லிய உப்புத்தாள் மாதிரி ஒரே சீரான சொரசொரப்பு இருக்கும். வழவழவென்று பளபளத்தால் சூடு மிஞ்சியிருக்கிறது, அடுத்த செஷனில் ஒரு லேப் நிதானமாக விட வேண்டும்.

அழுத்தம் சரியாக இருந்தும் முன் டயரின் வெளி ஓரம் மட்டும் தின்னப்பட்டால் குற்றம் டயரில் இல்லை, கேம்பரில், அதாவது முன்னாலிருந்து பார்த்தால் வீல் சாய்ந்திருக்கிற கோணத்தில். சாலைக்கென்று கட்டிய காரில் முன்பக்க நெகட்டிவ் கேம்பர் (வீலின் மேல்பக்கம் உள்ளே சாய்வது) மிகக் குறைவாக இருக்கும். வளைவில் கார் சாய்ந்ததும் வெளி ஓரம்தான் மொத்தச் சுமையையும் வாங்கும். கேம்பர் போல்ட் போட்டுக் கொஞ்சம் உள்ளே சாய்த்தாலே டயரின் ஆயுள் கண்ணுக்குத் தெரிகிற அளவில் கூடும். இதைச் செய்யாமல் மேலும் மேலும் மிருதுவான டயர் வாங்குகிறவர்களைப் பார்க்கிறேன். ஓரம் கம்பி தெரிய, உள்பக்கம் புதுசாகவே இருக்கும் டயரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஒரே திசையில் சுழல வேண்டிய டயராக இருந்தால் ரிம்மிலிருந்து கழற்றி வலம் இடம் மாற்றிப் பூட்டலாம், தேய்ந்த ஓரம் உள்ளே போய்விடும். உள், வெளி என்று பக்கம் குறித்த டயரில் அது முடியாது.

வாங்கும்போது பக்கச்சுவரில் 'டாட்' (DOT) என்று தொடங்கும் எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். மலிவாகக் கிடைக்கிறதே என்று கிடப்பில் கிடந்த மிருதுவான டயரை வாங்குவதில் லாபம் இல்லை, ட்ரெட் முழுசாக இருக்கும், ரப்பர் கெட்டித்திருக்கும். அதோடு சுமைக் குறியீடு கம்பெனி கொடுத்ததற்குக் கீழே போகக் கூடாது. 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும், 91 என்றால் 615.

வீல் நட் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கிறுக்கன். நட்டை அளந்து இறுக்குகிற டார்க் ரெஞ்ச் இல்லாமல் கிளம்ப மாட்டேன். முதல் செஷன் முடிந்து வீல் ஆறியதும் ஒரு முறை, மதியம் ஒரு முறை, கிளம்பும் முன் ஒரு முறை. பக்கத்தில் இருக்கிற தம்பி இதற்காகவே என்னைக் கிண்டல் செய்வான். ஆனால் ஒவ்வொரு முறையும் ரெஞ்சைக் கடன் கேட்டு வருவதும் அவன்தான்.

தனி செட்டைக் கொண்டுபோக இடம் ஏது என்று கேட்பவர்களுக்கு: 86-இல் பின் சீட்டை மடித்தால் நாலு வீல் உள்ளே போகும், டொயோட்டா அதை மனதில் வைத்துத்தான் அந்தக் காரை வடிவமைத்தது. நான் அப்படிச் செய்வதில்லை. வீட்டிலேயே மாற்றிக்கொண்டு ஆர்எஸ்4-இலேயே போய் வருகிறேன், 18 இன்ச் செட் ஷெட்டில் கிடக்கிறது. இந்த செட் தேய்ந்த பிறகும் சைஸை மாற்றுகிற எண்ணம் இல்லை. 225/45 ஆர்17 பிரபலமான அளவு என்பதால் ஏறக்குறைய எல்லாக் கம்பெனியும் அதில் ஏதாவது ஒன்று செய்கிறது. ஒருவேளை அடுத்த முறை பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ் போட்டுப் பார்ப்பேன். தம்பி 18-இலேயே இருக்கிறான், 19 பேச்சை இன்னும் விடவில்லை.